பெட்ரோல்ல கை வச்சு வேலை பாக்குறவங்களுக்கு: எனக்கு நடந்ததும் நான் தெரிஞ்சுக்கிட்டதும்

வண்டி ஒர்க்‌ஷாப், ஜெனரேட்டர் சர்வீஸ், பெட்ரோல் பங்க், டேங்க் கிளீனிங்னு நாள் முழுக்க பெட்ரோலோட பழகுற வேலையில இருக்கறவங்களுக்காக இதை எழுதுறேன். நான் பல வருஷம் ஒர்க்‌ஷாப்ல ஃபியூல் லைன் வேலை பாத்தவன். டேங்க் இறக்குறது, பம்ப் மாத்துறது, ஃபில்டர் மாத்துறது, கார்ப்பரேட்டர், இன்ஜெக்டர் கழட்டி கழுவுறதுன்னு எல்லாமே பெட்ரோல் படுற வேலைதான். சேர்ந்த புதுசுல ஸ்பேனர் எப்படி பிடிக்கணும், போல்ட்டை எந்த அளவுக்கு டைட் வைக்கணும்னு எல்லாம் சொல்லிக் குடுத்தாங்க, இந்த நெடி நெஞ்சுக்குள்ள போனா என்ன ஆகும்னு மட்டும் ஒருத்தரும் சொல்லல, ஏன்னா சொல்லிக் குடுத்த அண்ணனுங்களுக்கே யாரும் சொல்லல. எனக்கு ரத்தத்துல வெள்ளை அணு குறைஞ்சு, வேலையை விட்டு, மாசக்கணக்குல சம்பளம் இல்லாம உக்காந்த அப்புறம்தான் ஒவ்வொண்ணா தேடித் தேடி தெரிஞ்சுக்கிட்டேன். அந்த நேரத்துல கேக்குறதுக்கு ஆள் இல்ல, தனியா பயந்துட்டு கிடந்தேன். உங்களுக்கு அந்த நிலைமை வேண்டாம்னுதான் வரிசையா சொல்றேன்.

எங்க இடத்துல ஒரு பெரிய ட்ரே இருக்கும், அதுல பெட்ரோல் ஊத்தி வச்சிருப்போம், கழட்டின பார்ட்ஸ் எல்லாத்தையும் அதுல போட்டு பிரஷ் வச்சு வெறுங்கையால கழுவுவோம். வேலை முடிஞ்சதும் கையில இருக்கற கிரீஸ் போறதுக்கும் அதே பெட்ரோல்தான். மழை வந்தா ஷட்டரை பாதி இறக்கிடுவோம், காத்து வர்றதுக்கு வேற வழி கிடையாது. வண்டிக்கு கீழ வேலைன்னா பிட்டுக்குள்ள, அதான் தரையில தோண்டி வச்சிருக்கற பள்ளத்துக்குள்ள இறங்கணும், அங்க ஃபியூல் லைனை கழட்டும்போது கொஞ்சமாவது கீழ சிந்தும், வேஸ்ட் துணியால தொடச்சிட்டு அந்த துணியையும் அங்கேயே ஓரமா போட்டுட்டு வேலையைப் பாப்போம். முதல்ல வந்தது தலைவலி. காலையில நல்லா இருப்பேன், மதியத்துக்கு மேல நெத்திப்பொட்டு ரெண்டும் இறுக்க ஆரம்பிக்கும், சாயங்காலம் லேசா மப்பு ஏறின மாதிரி இருக்கும், வீட்டுக்குப் போனா யார் பேசினாலும் எரிச்சல் வரும், சாப்பாடு இறங்காது, வயித்தைப் புரட்டும். லீவு நாள்ல ஒண்ணுமே இருக்காது, சுத்தமா இருக்காது. லீவு முடிஞ்சு போற முதல் நாள் மறுபடியும் பிடிச்சுக்கும், அன்னைக்குதான் ரொம்ப மோசமா இருக்கும்.

இதை நல்லா கவனிங்க. வேலைக்குப் போற நாள்ல வருது, போகாத நாள்ல இல்லன்னா, அதுவே உடம்பு குடுக்கற பெரிய துப்பு. ஒரு சின்ன நோட்டுல இன்னைக்கு என்ன வேலை, எத்தனை மணிக்கு தலைவலி ஆரம்பிச்சது, எப்போ விட்டதுன்னு ரெண்டு வரி எழுதி வைங்க. ஸ்கேன் மெஷின்ல பாத்தாலும் தெரியாத விஷயத்தை அந்த நோட்டு காட்டும், பின்னாடி டாக்டர்கிட்ட பேசும்போதும் முதலாளிகிட்ட பேசும்போதும் உங்க கையில இருக்கற ஒரே ஆதாரம் அதுவாத்தான் இருக்கும்.

அடுத்தது நெடி விஷயம், இது நிறைய பேருக்கு புரியாத இடம். புதுசா உள்ள வர்ற கஸ்டமர் "என்னங்க இப்படி அடிக்குது"ன்னு மூக்கைப் பொத்துவாங்க, எங்களுக்கு ஒண்ணுமே தெரியாது. பழகிடுச்சு, உடம்பு தாங்கிக்கிச்சுன்னு நாங்க பெருமையா வேற பேசுவோம். பழகினது மூக்கு மட்டும்தான், நுரையீரலும் ரத்தமும் மூளையும் பழகல. ஒரே வாசம் தொடர்ந்து அடிச்சா மூக்கு அதை மூளைக்கு சொல்றதை நிறுத்திடும், காத்துல இருக்கற அளவு அப்படியேதான் இருக்கும். அதனால மூக்கை நம்பாதீங்க, வெளியிலேர்ந்து வர்றவங்க சொல்றதை நம்புங்க. இன்னொண்ணு, பெட்ரோல் ஆவி காத்தை விட மூணு நாலு மடங்கு கனம். மேல போகாது, தண்ணி மாதிரி பள்ளத்தைத் தேடி ஓடும். பிட்டுக்குள்ள, டிரெயினேஜ் குழிக்குள்ள, வண்டிக்கு அடியில, தரை ஓரமா போய் தேங்கும். எங்க ஒர்க்‌ஷாப்ல எக்ஸாஸ்ட் ஃபேன் இருந்துச்சு, சீலிங் பக்கத்துல! அது மேல இருக்கற சூடான காத்தை இழுத்து வெளிய விட்டுட்டு இருக்கும், நாங்க கீழ பிட்டுக்குள்ள முழுசா அதையே சுவாசிச்சிட்டு இருப்போம். ஃபேன் இருக்கான்னு பாக்காதீங்க, எந்த உயரத்துல இருக்குன்னு பாருங்க. பெட்ரோல் வேலை நடக்கற இடத்துல காத்தை தரைமட்டத்துலேர்ந்து, பிட்டோட அடியிலேர்ந்து இழுக்கணும், புதுக்காத்து எதிர்பக்கத்துலேர்ந்து வரணும். அதுவும் நெருப்புப்பொறி கிளப்பாத மாதிரி செஞ்ச ஃபேனா இருக்கணும், சாதாரண டேபிள் ஃபேனை பிட்டுக்குள்ள இறக்கினா அதோட மோட்டாரே பத்த வச்சிடும்.

"பத்திக்கிற அளவுக்கு இல்லல்ல, அப்ப பயமில்ல"ன்னு எங்க முதலாளி சொல்லுவாரு. நான் பின்னாடி கணக்குப் போட்டுப் பாத்தேன். காத்துல பெட்ரோல் ஆவி 1.4 சதவீதத்துலேர்ந்து 7.6 சதவீதம் வரைக்கும் இருந்தா நெருப்பு பிடிக்கும். அந்த 1.4 சதவீதம்னா 14,000 பிபிஎம், பிபிஎம்னா பத்து லட்சத்துல எத்தனை பங்குங்கற கணக்கு. ஆனா எட்டு மணி நேர வேலைக்கு சராசரியா 300 பிபிஎம் தாண்டக் கூடாது, கொஞ்ச நேரத்துக்குன்னாலும் 500 தாண்டக் கூடாதுன்னு தொழில் சுகாதார நிபுணர்கள் சிபாரிசு பண்ணிருக்காங்க. அதாவது நெருப்பு பிடிக்கிற அளவுல நாப்பதுல ஒரு பங்கு கூட இல்லாத இடத்துலயே உடம்புக்கான எல்லை முடிஞ்சிடுது. பத்திக்கலங்கறது நீங்க நல்லா இருக்கீங்கங்கறதுக்கு சாட்சியே கிடையாது.

தலைவலிக்கு அடுத்து கை. முதல்ல வெள்ளை வெளேர்னு உலர்ந்து போச்சு, பெட்ரோல் தோல்ல இருக்கற எண்ணெய்ப் பசையை எல்லாம் கழட்டி எடுத்துடும். அப்புறம் விரல் நுனியில, நகத்தை ஒட்டி வெடிப்பு வந்துச்சு, உப்பு பட்டா உயிர் போகும், சாப்பாட்டைப் பிசைஞ்சு சாப்பிட முடியாம ஸ்பூன்ல சாப்பிட்டேன். விரல் ரேகை எல்லாம் தேஞ்சு போய் போன் கூட என் விரலை ஏத்துக்கல. ராத்திரியில அரிப்பு தாங்காம எழுந்து உக்காந்துடுவேன். தோல் வெடிச்சிருக்கும்போது பெட்ரோல் இன்னும் சுலபமா உள்ள போகும், அதைச் சொல்ல அப்ப யாரும் இல்ல. நான் வாங்கிப் போட்ட ரப்பர் கிளவுஸ் வேற ஒரு வாரம் கூட தாங்காம ஊதி பிசுபிசுன்னு ஆயிடுச்சு. அது லேடெக்ஸ், பெட்ரோலுக்கு ஆகவே ஆகாது. நைட்ரைல்ங்கற செயற்கை ரப்பர் கிளவுஸ்தான் போடணும், அதுலயும் மெல்லிசா யூஸ் அண்ட் த்ரோவா வர்றது சும்மா தெறிக்கறதுக்கு மட்டும்தான் தாங்கும், நனைஞ்சா உடனே கழட்டி வேற போடணும். பார்ட்ஸ் கழுவுற வேலைக்கு முழங்கை வரைக்கும் வர்ற தடிமனான நைட்ரைல் வேணும். கையை பெட்ரோல்ல கழுவுறதை இன்னைக்கே நிறுத்துங்க, கிரீஸ் எடுக்கற ஹேண்ட் கிளீனர், சோப்பு, தண்ணி, அப்புறம் ஏதாவது ஒரு மாய்ஸ்சரைசர், இவ்வளவு போதும். டிரஸ்ல சிந்திடுச்சுன்னா காஞ்சிடும்னு அப்படியே வேலை பாக்காதீங்க, நனைஞ்ச துணி தோலோட ஒட்டி ரொம்ப நேரம் இருந்தா நெருப்புப் புண்ணு மாதிரியே தோல் உரிஞ்சுடும். முதல்ல நெருப்பு, ஸ்விட்ச், ஹீட்டர் எதுவும் இல்லாத இடத்துக்குப் போங்க, மேல நல்லா தண்ணியை ஊத்திட்டு அப்புறமா கழட்டுங்க, காஞ்சபடியே தலை வழியா உருவினா ஸ்டேட்டிக் பொறி வர வாய்ப்பு இருக்கு.

இந்த சமயத்துலதான் எங்க ஹெல்பர் தம்பிக்கு அது நடந்துச்சு. டேங்க்ல இருந்து பெட்ரோலை எடுக்க டியூப்ல வாய் வச்சு உறிஞ்சினான், எல்லாரும் செய்யறதுதான், பெரியவங்க "நாங்க அந்தக் காலத்துல தினமும் வாயாலதான் இழுப்போம்"னு சொல்லி சொல்லியே பழக்கினது. அந்தக் காலத்துல பெட்ரோல்ல ஈயம் வேற இருந்துச்சு, உலகத்துல கடைசியா 2021-லதான் அல்ஜீரியாவுல வண்டிகளுக்கு ஈயம் கலந்த பெட்ரோல் விக்கிறதை நிறுத்தினாங்க, அப்ப இழுத்தவங்க உடம்புல என்னென்ன போச்சோ. தம்பி வாய்க்குள்ள பெட்ரோல் வந்ததும் புரையேறிச்சு, இருமிட்டே குனிஞ்சான், கண்ணு சிவந்து தண்ணியா ஊத்துது. கூட இருந்த ஒருத்தரு அவன் நல்லதுக்குன்னு நினைச்சு உப்புத்தண்ணி குடுத்து வாந்தி எடுக்க வச்சாரு. கொஞ்ச நேரத்துல "பரவால்லண்ணே, சரியாயிடுச்சு"ன்னு அவனே வேலைக்கு உக்காந்துட்டான். ராத்திரி காய்ச்சல், மூச்சு வாங்குது, நெஞ்சு குத்துது, அட்மிட் பண்ணியாச்சு. கெமிக்கல் நிமோனியான்னு சொன்னாங்க.

அந்த டாக்டர் சொன்னதை எழுதுறேன், தயவுசெஞ்சு உங்க கூட வேலை பாக்குற எல்லாருக்கும் சொல்லுங்க. பெட்ரோல் ரொம்ப மெல்லிசான திரவம், ஒரு மடக்கு கூட வேண்டாம், கொஞ்சூண்டு மூச்சுக்குழாய்ல இறங்கினா நுரையீரல்ல வேகமா பரவி உள்ள புண்ணாக்கிடும். வயித்துக்குப் போனதை விட நுரையீரலுக்குப் போனதுதான் ஆபத்து. வாந்தி எடுக்க வச்சா வயித்துல இருக்கறது திரும்ப மேல வந்து மறுபடி நுரையீரல்ல இறங்க இன்னொரு வழி போட்டுக் குடுத்த மாதிரி ஆயிடும். அதனால வாந்தி எடுக்க வைக்கக் கூடாது, தானா வாந்தி வந்தா தலையைத் தாழ்த்தி முன்னாடி குனிய வைக்கணும், நேரா ஆஸ்பத்திரி. இருமல் நின்னுடுச்சுன்னு வீட்டுக்கு அனுப்பக் கூடாது, மூச்சுத் திணறல் பல மணி நேரம் கழிச்சும் வரும். தம்பி பொழச்சுக்கிட்டான், ஆனா ரொம்ப நாளுக்கு மாடிப்படி ஏறினா நின்னு நின்னுதான் ஏறுவான். ஒரு சின்ன கை பம்ப் இருந்திருந்தா இது நடந்தே இருக்காது. டேங்க்ல இருந்து எடுக்க பெட்ரோலுக்குன்னே செஞ்ச கை பம்ப் கிடைக்குது, ஒர்க்‌ஷாப்ல அது இல்லன்னா நீங்களே ஒண்ணு வாங்கி உங்க டூல் பாக்ஸ்ல வச்சுக்கங்க, அவ்வளவு முக்கியம்.

இப்ப என் கதைக்கு வர்றேன். தலைவலிக்காக நான் பாக்காத டாக்டர் இல்ல. ஒருத்தர் மாத்திரை குடுத்தாரு, ஒருத்தர் கண்ணு டெஸ்ட் பண்ணி கண்ணாடி போடச் சொன்னாரு, ஒருத்தர் கேஸ் ட்ரபிள்னு சொன்னாரு, ஒருத்தர் தலைக்கு ஸ்கேன் எழுதினாரு, ஸ்கேன் நார்மல். கிட்டத்தட்ட ரெண்டு மாச சம்பளம் இதுலயே போச்சு. ஒருத்தர் கூட "என்ன வேலை பாக்குறீங்க, அந்த வேலையில என்னென்ன கையில படும்"னு கேக்கல. கடைசியா பாத்த டாக்டரம்மா என் கையைப் பாத்துட்டு கேட்டாங்க. நான் ட்ரே, பிட், ஷட்டர் எல்லாத்தையும் சொல்ல, கொஞ்ச நேரம் எழுதிட்டே இருந்தாங்க, அப்புறம் ரத்தத்துல எல்லா அணுக்களையும் எண்ணுற டெஸ்ட், அதான் சிபிசி, அதை டிஃபரன்ஷியலோட, அதாவது வெள்ளை அணுவுல எந்த வகை எவ்வளவுன்னு பிரிச்சுக் காட்டுற மாதிரி எடுக்கச் சொன்னாங்க. வெள்ளை அணு பொதுவா 4,000-லேர்ந்து 11,000 வரைக்கும் இருக்கணும், எனக்கு 3,100. ரிப்போர்ட்ல அந்த நம்பர் பக்கத்துல ஒரு சின்ன அம்புக்குறி கீழ பாத்து இருந்துச்சு. அதைப் பாத்ததும் எனக்கு கை நடுங்கிடுச்சு.

அன்னைக்கு ராத்திரி போன்ல தேட ஆரம்பிச்சேன், தேடத் தேட பயம்தான் ஏறுச்சு. பெட்ரோல்ல பென்சீன்னு ஒண்ணு இருக்கு, ரத்தம் ஊறுற எலும்பு மஜ்ஜையை பாதிக்கும், வருஷக்கணக்குல உள்ள போனா லுகேமியா, அதான் ரத்தப் புற்றுநோய் வரை கொண்டு போகும்னு போட்டிருந்துச்சு. பொண்டாட்டிகிட்ட சொல்லல, பிள்ளைங்க தூங்குறதைப் பாத்துட்டே உக்காந்திருந்தேன். யார் மேல கோபப்படணும்னே தெரியல. நான் சோம்பேறியா இருந்து வந்த வியாதி இல்ல இது, வேலையை ஒழுங்கா செஞ்சதால வந்தது, அதுதான் ரொம்ப வலிச்சுது.

பென்சீன் பத்தி நான் புரிஞ்சுக்கிட்டது இதுதான். பெட்ரோல்ல அது கொஞ்சம்தான், ஐரோப்பாவுல 2000-லேர்ந்து 1 சதவீதத்துக்கு மேல இருக்கக் கூடாதுன்னு விதி. ஒண்ணு சதவீதம்தானேன்னு தோணும். பத்து லிட்டர் ட்ரேயில அது 100 மில்லி, அந்த ட்ரேக்கு மேல மூஞ்சை வச்சிட்டுதான் நாம மணிக்கணக்குல பிரஷ் போடுறோம். அமெரிக்காவுல வேலை இடத்துல பென்சீனுக்கு 1987-லேர்ந்து சட்டப்படி இருக்கற எல்லை எட்டு மணி நேர சராசரியா 1 பிபிஎம், பதினஞ்சு நிமிஷத்துக்கு 5 பிபிஎம், அதுவே அதிகம், இன்னும் குறைக்கணும்னு அங்க இருக்கற நிபுணர்களே சொல்றாங்க. மூச்சுல உள்ள போற பென்சீன்ல கிட்டத்தட்ட பாதி ரத்தத்துல கலந்துடும், கல்லீரல் அதை உடைக்கும்போது உருவாகுற பொருட்கள்தான் மஜ்ஜையைத் தாக்குது. பென்சீன் புற்றுநோய் உண்டாக்கும்னு ரொம்ப காலமாவே தெரியும். உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2025-ல வண்டிக்குப் போடற பெட்ரோலையே முழுசா மனுஷனுக்கு புற்றுநோய் உண்டாக்குற முதல் பிரிவுல சேத்துடுச்சு, சிறுநீர்ப்பை புற்றுநோய்க்கும் ஒரு வகை ரத்தப் புற்றுநோய்க்கும் போதுமான ஆதாரம் இருக்குன்னு சொல்லி. இதைப் படிச்சிட்டு பெட்ரோல் தொட்ட எல்லாருக்கும் கேன்சர்னு பயப்படாதீங்க, எவ்வளவு அளவு, எவ்வளவு காலம்ங்கறதுதான் கணக்கு. அளவைக் குறைக்கறது நம்ம கையில இருக்கு, அதுக்காகத்தான் இவ்வளவு விலாவாரியா சொல்றேன்.

டாக்டரம்மா நேர்மையா பேசினாங்க. "பெட்ரோலாலதான்னு என்னால அடிச்சு சொல்ல முடியாது, வெள்ளை அணு குறைய வேற காரணமும் நிறைய இருக்கு, ஒவ்வொண்ணா பாத்து கழிக்கலாம், ஆனா நீங்க முதல்ல அந்த நெடியை விட்டு விலகுங்க, திரும்ப திரும்ப எண்ணிப் பாப்போம்"னாங்க. உங்களோட பழைய ரத்த ரிப்போர்ட் இருக்கான்னு கேட்டாங்க, எங்க இருக்கும், நான் ரத்தமே குடுத்ததில்ல. இது ரொம்ப முக்கியமான விஷயம். வேலைக்குச் சேரும்போதே ஒரு சிபிசி எடுத்து ஃபைல்ல போட்டு வச்சிருந்தா, குறைஞ்சது வேலைக்கு வந்த பிறகா அதுக்கு முன்னாடியான்னு ஒரு நிமிஷத்துல தெரிஞ்சிருக்கும். நீங்க ஏற்கனவே வேலையில இருந்தாலும் பரவால்ல, இந்த வாரம் ஒண்ணு எடுங்க, வருஷத்துக்கு ஒரு தடவை எடுங்க. பென்சீன் உள்ள போயிருக்கான்னு சிறுநீர்ல பாக்குற டெஸ்ட்டும் இருக்கு, அதை வேலை முடிஞ்ச கையோட குடுக்கணும், ரெண்டு மூணு நாள் லீவு எடுத்துட்டு குடுத்தா ஒண்ணும் காட்டாது. சிகரெட் பிடிக்கிறவங்க அதையும் டாக்டர்கிட்ட சொல்லிடணும், புகையிலயும் பென்சீன் இருக்கு, அந்த ரிசல்ட்டை அது குழப்பிடும்.

நான் முதலாளிகிட்ட போய் வேற வேலை குடுங்கன்னு கேட்டேன், எலக்ட்ரிக்கல் பக்கமோ டயர் பக்கமோ எதுவா இருந்தாலும் சரின்னு. "எல்லாரும்தான் பாக்குறாங்க, உனக்கு மட்டும் என்ன"ன்னாரு. மாஸ்க் கேட்டேன், துணி மாஸ்க் ஒரு பாக்கெட் வாங்கிக் குடுத்தாரு. துணி மாஸ்க், ஆஸ்பத்திரி மாஸ்க், தூசி மாஸ்க் எதுவுமே ஆவியைத் தடுக்காது, பெட்ரோல் ஆவி அது வழியா அப்படியே போயிடும். ஆர்கானிக் வேப்பர் கார்ட்ரிட்ஜ், அதான் இந்த மாதிரி ஆவியைப் பிடிச்சு வைக்கிற ஃபில்டர் டப்பா போட்ட, மூக்கையும் வாயையும் மூடுற அரைமுக ரெஸ்பிரேட்டர் வேணும், முகத்தோட நல்லா ஒட்டணும், தாடி இருந்தா ஒட்டாது, கார்ட்ரிட்ஜை குறிப்பிட்ட காலத்துல மாத்தணும். அதுவும் திறந்த இடத்துக்குதான். பெரிய டேங்க்குக்குள்ள இறங்குறதுன்னா அந்த மாஸ்க் உதவவே உதவாது, அங்க ஆக்சிஜனே போதாம இருக்கலாம், கேஸ் மீட்டர் வச்சு அளந்து, வெளியிலேர்ந்து காத்து குடுத்து, மேல ஒருத்தர் கயித்தோட நின்னாதான் இறங்கலாம். உள்ள ஒருத்தர் மயங்கி விழுந்துட்டா காப்பாத்தறேன்னு இன்னொருத்தர் அப்படியே குதிக்காதீங்க, இப்படித்தான் ஒரே குழியில அடுத்தடுத்து உயிர் போகுது.

கடைசியில நான் சம்பளம் இல்லாத லீவு போட்டேன், திரும்பி அங்க போகல. அந்த மாசங்கள்ல கடன் வாங்கித்தான் குடும்பம் ஓடுச்சு. நஷ்டஈடு கேக்கலாம்னு ஒருத்தர் சொல்லி விசாரிச்சப்ப, என்னைக்கு என்ன வேலை பாத்தீங்க, எந்த கெமிக்கல், முதலாளிகிட்ட எழுதிக் குடுத்தீங்களா, சேரும்போது எடுத்த ரிப்போர்ட் இருக்கான்னு கேட்டாங்க. ஒண்ணுமே இல்ல. வாயால சொன்னது எதுவும் கணக்குல வரல. அதனால மாஸ்க் கேக்கறதா இருந்தாலும், தலைவலின்னு சொல்றதா இருந்தாலும் ஒரு மெசேஜா அனுப்புங்க, தேதியோட உங்க போன்ல இருக்கட்டும். வேலை இடத்தை, ட்ரேயை, பிட்டை ஒரு போட்டோ எடுத்து வைங்க, ஆனா போனை பெட்ரோல் பக்கத்துல வச்சு நோண்டாம தள்ளி நின்னு எடுங்க. பெட்ரோல் சப்ளை பண்றவங்ககிட்ட சேஃப்டி டேட்டா ஷீட்னு ஒண்ணு இருக்கும், பதினாறு பகுதியா இருக்கும், அதுல நாலாவது பகுதி முதலுதவி, எட்டாவது என்ன கிளவுஸ் என்ன மாஸ்க், பதினொண்ணாவது உடம்புக்கு என்ன பண்ணும்னு. அதை பிரிண்ட் எடுத்து டாக்டர்கிட்ட காட்டினா அவங்களுக்கே பாதி வேலை மிச்சம்.

நெருப்பைப் பத்தியும் சொல்லிடறேன், அதை எல்லாரும் ஓரளவு தெரிஞ்சுதான் வச்சிருக்கோம், ஆனா சில விஷயம் விட்டுப் போகுது. பெட்ரோல் மைனஸ் 40 டிகிரி செல்சியஸ்லயே பத்திக்கற அளவுக்கு ஆவி விடும், அதனால குளிர் காலம்னா பயமில்லங்கறது கிடையாது. ஆவி தரையோட போய் தூரத்துல இருக்கற ஹீட்டர்லயோ வெல்டிங் பொறியிலயோ பட்டு அங்கேர்ந்து திரும்பி ஓடி வரும். பிட்டுக்குள்ள சாதாரண பல்பு மாட்டின ஹேண்ட் லேம்ப் வேண்டவே வேண்டாம், கீழ விழுந்து பல்பு உடைஞ்சா, இல்ல பெட்ரோல் சொட்டு சூடான பல்பு மேல விழுந்தா போதும். காலி டேங்க்தானேன்னு வெல்டிங் வைக்காதீங்க, நிறைஞ்ச டேங்க்கை விட காலி டேங்க்தான் வெடிக்கும், உள்ள முழுக்க ஆவிதான் இருக்கு. கேன்ல பிடிக்கும்போது வண்டி மேலயோ பிளாஸ்டிக் ஷீட் மேலயோ வச்சு பிடிக்காம தரையில இறக்கி வச்சு, நாஸிலை கேன் வாயோட ஒட்டிப் பிடிச்சு மெதுவா ஊத்துங்க. நெருப்பு வந்தா தண்ணி ஊத்தினா பெட்ரோல் அதுமேல மிதந்து இன்னும் பரவும், ஃபோம், டிரை பவுடர், இல்ல கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர்தான். நனைஞ்ச வேஸ்ட் துணியை மூடி போட்ட இரும்பு டப்பாவுல போடுங்க.

வீட்டுக்கும் இது வருது. நான் வேலை டிரஸ்ஸோடயே போய் பிள்ளைங்களைத் தூக்குவேன், பொண்டாட்டி அந்த டிரஸ்ஸை எல்லாரோட துணியோடயும் சேத்து மெஷின்ல போடுவா. வேலை இடத்துலயே டிரஸ் மாத்திட்டு கை முகம் கழுவிட்டு கிளம்புங்க, பெட்ரோல் பட்ட துணியை வெளிய திறந்த இடத்துல நல்லா உலர்த்தி நெடி போன அப்புறம் தனியா துவைங்க, நெடி இருக்கறதை மெஷின்லயோ டிரையர்லயோ போட்டா அதுவே பத்திக்கும். வீட்டுல கர்ப்பமா யாராவது இருந்தா, இல்ல அந்த மாதிரி வேலை பாக்குற பெண்களே கர்ப்பமா இருந்தா, டாக்டர்கிட்ட முதல் நாளே சொல்லிடுங்க.

இப்ப நான் வேற இடத்துல இருக்கேன். இங்க பார்ட்ஸ் கழுவ பெட்ரோல் கிடையாது, தண்ணியில கலக்குற கிளீனர் போட்டு சூடு பண்ற பார்ட்ஸ் வாஷர் இருக்கு, மூடி போட்டா மெஷினே கழுவிடும். கொஞ்சம் நேரம் அதிகம் ஆகும், ஆனா மதியத் தலைவலி போயே போச்சு. வெள்ளை அணு ஒவ்வொரு டெஸ்ட்டுக்கும் கொஞ்சம் கொஞ்சமா ஏறி 4,000-ஐத் தாண்டிடுச்சு, வருஷா வருஷம் எடுத்துப் பாக்கணும்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்க, எடுக்கறேன். ஹெல்பர் தம்பியையும் இங்கேயே கூட்டிட்டு வந்துட்டேன். அவனும் சேர்ந்த அன்னைக்கே சிபிசி எடுத்து ரிப்போர்ட்டை போன்ல ஒரு காப்பி, வீட்டு ஃபைல்ல ஒரு காப்பின்னு வச்சிருக்கான். உங்களுக்கு மேல சொன்ன மாதிரி தலைவலி, கை வெடிப்பு, அடிக்கடி காய்ச்சல், சின்ன அடிபட்டாலே கருநீலமா கன்னிப்போறது, பல் ஈறுல ரத்தம் கசியறது, காரணம் இல்லாத அசதின்னு எது இருந்தாலும் டாக்டர் முன்னாடி உக்காந்ததும் முதல் வரியிலயே "நான் பெட்ரோல்ல வேலை பாக்குறேன், இத்தனை வருஷமா, இந்த மாதிரி இடத்துல"ன்னு நீங்களே சொல்லிடுங்க, அவங்க கேப்பாங்கன்னு காத்திருக்காதீங்க.